புல்வெளிக்கு அடியில் ஓர் ஊர்

பிரிட்டிஷ் நாடகத்தைப் பற்றிப் பேசுகிறவர்களிடையே எழுதப்படாத ஒரு பாகப்பிரிவினை உண்டு. நெருக்கடியான சமையலறை, நகராட்சிக் குடியிருப்பு, கதவடைத்த தொழிற்சாலை எல்லாம் சமூக யதார்த்த நாடகத்தின் பங்கு. ஏரி, புல்வெளி, கிரேக்கக் கோயில் சாயலில் ஒரு மண்டபம், தூரத்தில் மேயும் மான்கள் எல்லாம் பட்டுடை உடுத்திய சரித்திரத் தொடர்களின் பங்கு. எல்லைக்கல்லை யாராவது நகர்த்தினால் இரண்டு தரப்பும் முகம் சுளிக்கும். தோட்டத்தை நேசிப்பவர் சொல்வார்: அது ஒரு கலைப்படைப்பு, ஓவியத்தைப் பார்ப்பதுபோல் பார்க்க வேண்டியது, கூலியும் கண்ணீரும் பேச வேறு இடம் கிடைக்கவில்லையா? யதார்த்தவாதி சொல்வார்: அது பிரபுக்களின் அலங்காரம், அங்கே போய் நாடகம் போட்டால் அவர்களுக்கு இலவச விளம்பரம். ஒருவர் வலமிருந்தும் மற்றவர் இடமிருந்தும் வந்து ஒரே வேலியில் சாய்ந்து நிற்கிறார்கள்.

அந்த வேலிக்கு அங்கே வேலை இல்லை என்பது என் கட்சி. பிரிட்டனின் வரலாற்றுத் தோட்டங்களைவிடச் சமூக யதார்த்தத்துக்கு வளமான களம் அந்த நாட்டில் அதிகம் இல்லை. எதை மறைப்பதற்காக அவை திட்டமிடப்பட்டனவோ அதைத்தான் சமூக யதார்த்தம் இத்தனை காலமாகத் தேடிக்கொண்டிருக்கிறது.

தோட்டம் அமைத்தவர்களே இதற்குச் சாட்சி. ஹம்ப்ரி ரெப்டன் தன் வாடிக்கையாளர்களுக்குச் சிவப்புத் தோல் அட்டை போட்ட கையெழுத்துப் புத்தகங்கள் தயாரித்துக் கொடுப்பார். அவர்களுடைய நிலத்தின் நீர்வண்ணப் படங்கள் அதில் இருக்கும். படத்தின் ஒரு பகுதிமேல் ஒரு தாள் மடிப்பு ஒட்டியிருக்கும். மூடியிருந்தால் இன்றைய நிலை. தூக்கினால் அவர் செய்து தரப்போகும் மாற்றம். 1816இல் வெளியான தன் கடைசிப் பெரிய நூலில், எஸ்ஸெக்ஸில் தான் குடியிருந்த வீட்டிலிருந்து தெரியும் காட்சியையே இப்படி வரைந்து காட்டினார். மடிப்பு மூடியிருக்கும்போது ஊர்த்தெரு தெரிகிறது. கசாப்புக் கடையில் இறைச்சி தொங்குகிறது. வேலியோரம் உடல் ஊனமுற்ற ஒரு பிச்சைக்காரர் நிற்கிறார். மடிப்பைத் தூக்கினால் வேலி முன்னே நகர்ந்துவிடுகிறது, செடிகொடிகள் பூத்துக் குலுங்குகின்றன, இறைச்சி மறைந்துவிடுகிறது. பிச்சைக்காரரும்தான்.

நெப்போலியனுடன் நடந்த போர் முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. கைகால் இழந்து திரும்பியவர்களை இங்கிலாந்தின் தெருக்களில் பார்க்காமல் நடக்க முடியாத காலம். ரெப்டன் கல்நெஞ்சக்காரர் அல்ல. 1811இல் வண்டி விபத்தில் அடிபட்டுப் பெரும்பாலும் சக்கர நாற்காலியில் காலம் தள்ளியவர் அவர். அப்படிப்பட்டவரின் தூரிகையே இன்னொரு ஊனமுற்ற மனிதரை எடுத்து அப்புறம் வைக்கிறது. ஒருவரைக் காட்சியிலிருந்து எப்படி அகற்றுவது என்பதை மாதிரிப் படமாகவே போட்டுக் காட்டிய கலையைச் சமூகத்துக்கு அப்பாற்பட்டது என்று எப்படிச் சொல்வது?

இதோடு ஹா-ஹா என்று அழைக்கப்படும் பள்ளச் சுவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து பார்த்தால் புல்வெளி தடையின்றி வயல்வரை ஓடுவதாகத் தோன்றும். ஆட்டு மந்தை அழகாக மேயும். ஆனால் ஓர் ஆடும் பூச்செடியில் வாய் வைக்காது, ஏனென்றால் நடுவில் கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தில் சுவர் நிற்கிறது. டெர்பிஷயரில் உள்ள கால்க் அபியில் தோட்டக்காரர்களுக்கென்றே ஒரு சுரங்கப்பாதை கட்டினார்கள். மண்வெட்டியோடு அவர்கள் நடந்துபோவது வீட்டுக்காரர்களின் கண்ணில் பட்டுவிடக் கூடாது. திரை, பக்கத்தட்டி, பின்வாசல் வழி எல்லாம் அங்கே ஏற்கெனவே தயார். தோட்டத்தில் நாடகம் எதற்கு என்று கேட்பவர்கள், அங்கே இருநூறு வருடங்களாக ஒரு நாடகம் ஓடிக்கொண்டிருப்பதைக் கவனிக்கவில்லை.

மறைக்கப்பட்டது கூலியாள் மட்டுமா? டார்செட்டில் மில்டன் அபி மாளிகைக்கு அருகே மிடில்டன் என்ற சந்தை ஊர் இருந்தது. நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள், பள்ளிக்கூடம், மதுக்கடைகள், பியர் காய்ச்சும் ஆலை. மாளிகைக்குச் சொந்தக்காரரான ஜோசஃப் டேமர் என்ற மில்டன் பிரபுவுக்கு ஊர் ஒரு தொந்தரவு. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் குத்தகைகள் முடிய முடிய வீடுகளை ஒவ்வொன்றாக இடித்தார். தோட்ட வடிவமைப்பாளர் கேப்பபிலிட்டி பிரவுனின் கைவண்ணத்தில் அந்தப் பள்ளத்தாக்கு எழில்மிகு பூங்காவானது. சற்றுத் தள்ளி ஒரு மடுவில், ஒரே அச்சில் வார்த்தவை போன்ற கூரை வீடுகளோடு மில்டன் அபாஸ் என்ற புதிய ஊர் எழுந்தது. குத்தகையை விட்டுக்கொடுக்க மறுத்த ஹாரிசன் என்ற வழக்கறிஞரின் வீட்டுக்குள் பிரபு மதகைத் திறந்து தண்ணீர் விட்டதாகவும், ஹாரிசன் வழக்குப் போட்டு ஜெயித்ததாகவும் ஊரில் கதை. இன்று மில்டன் அபாஸ் இங்கிலாந்தின் மிக அழகான கிராமங்களில் ஒன்றாக நாட்காட்டிகளில் வருகிறது. ஓர் ஊரையே பெயர்த்த கதை, எதிர்த்து நின்ற ஒரு வழக்கறிஞர், கொடுங்கோல் பிரபு, பெயர் பெற்ற கலைஞர் ஒருவர். இதில் நாடகம் இல்லை என்பவருக்கு நாடகம் என்றால் என்ன என்று நான் விளக்கப் போவதில்லை.

எல்லாத் தோட்டங்களும் இப்படி ஊர்களைத் தின்று வளர்ந்தவை என்று சொல்லவில்லை. ஆனால் பின்னணி பொதுவானது. 1604க்கும் 1914க்கும் இடையில் பொதுநிலங்களை வேலியடைக்க 5,200க்கும் மேற்பட்ட சட்டங்கள் நிறைவேறின; சுமார் 68 லட்சம் ஏக்கர் தனியார் கைக்குப் போனது. இது ஏதோ புரட்சிக் கட்சியின் துண்டறிக்கைக் கணக்கு அல்ல, பிரிட்டிஷ் பாராளுமன்றமே தருவது.

சரி, இவ்வளவு இருந்தும் சமூக யதார்த்தம் ஏன் சமையலறையிலேயே குடியிருந்தது? கொள்கையைவிடத் தச்சு வேலைக்கும் கேமராவுக்கும் இதில் பங்கு அதிகம் என்று நினைக்கிறேன். 1956 மே 8 அன்று ராயல் கோர்ட் அரங்கில் ஜான் ஆஸ்பர்னின் ‘லுக் பேக் இன் ஆங்கர்’ மேடையேறியபோது அதற்குத் தேவைப்பட்டது ஒரு மாடி அறையும் ஒரு இஸ்திரி மேசையும். ஷீலா டெலேனி, ஆர்னல்ட் வெஸ்கர் என்று அடுத்தடுத்து வந்தவர்களுக்கும் மூன்று சுவர் போதுமாக இருந்தது. மூன்று சுவர் மலிவு. ஏரியை மேடைக்குக் கொண்டுவர முடியாது. படுதாவில் வரைந்தால் பழைய காதல் நாடகம்போல் ஆகிவிடும் என்று பயம். தொலைக்காட்சியிலும் இதே கதை. பி.பி.சி.யின் சரித்திரத் தொடர்கள் வெகுகாலம் உட்புறக் காட்சிகளை ஸ்டுடியோவில் வீடியோவிலும், வெளிப்புறத்தை 16 மி.மீ. ஃபிலிமிலும் எடுத்தன. பழைய தொடர்களைப் பார்த்தவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும்: வேலைக்காரியின் சமையலறை தட்டையான வெளிச்சத்தில் கிடக்கும், எஜமானி தோட்டத்தில் கால் வைத்ததும் திரையே கனிந்து பொன்னிறமாகிவிடும். உபகரணம் செய்த இந்தப் பாரபட்சத்தைத்தான் விமர்சகர்கள் பிற்பாடு அழகியல் விதியாக எழுதி வைத்தார்கள்.

அந்த விதி பொய்யானது என்பதை 1966லேயே கென் லோச் காட்டிவிட்டார். ‘கேத்தி கம் ஹோம்’ படத்துக்காக அதே 16 மி.மீ. கேமராவைத் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போனார். வீடற்ற குடும்பத்தின் கதை அது. சுமார் 1 கோடியே 20 லட்சம் பேர் பார்த்தார்கள். தெருவுக்குப் போன கேமரா பூங்காவின் இரும்புக் கதவைத் தாண்ட ஏன் தயங்க வேண்டும்?

தயங்கியதன் விளைவு 1981இல் தெரிந்தது. அந்த அக்டோபரில் கிரானடா தொலைக்காட்சி ‘பிரைட்ஸ்ஹெட் ரிவிசிட்டட்’ தொடரை ஆரம்பித்தது. அது படமான காசில் ஹவர்டின் நீரூற்றும் மாடமும் அன்றிலிருந்து உலகத்தின் மனதில் இங்கிலாந்து என்ற சொல்லுக்குப் படமாகிவிட்டன. அதே மாதம் பி.பி.சி.யில் டிரெவர் கிரிஃபித்ஸ் எழுதிய ‘கன்ட்ரி’ வந்தது: 1945 தேர்தலில் லேபர் கட்சி ஜெயித்துக்கொண்டிருக்க, பியர் ஆலைச் செல்வத்தில் கொழித்த ஒரு குடும்பம் தன் மாளிகையில் கூடி அடுத்த வாரிசைத் தேடுகிறது. இரண்டுக்கும் களம் மாளிகைதான். எது நினைவில் நின்றது என்று சொல்ல வேண்டியதில்லை. 1995இல் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ தொடருக்கு லைம் பார்க் கதாநாயகனின் பெம்பர்லி மாளிகை ஆனது. குளத்தில் குதித்து எழுந்த கதாநாயகனால் அங்கே கூட்டம் பெருகியது. 2010இலிருந்து ‘டவுன்டன் அபி’. அது படமான, பிரவுன் வடிவமைத்த ஹைகிளியர் பூங்காவின் பச்சை ஒவ்வொரு பாகத்திலும் விரிகிறது. வேலைக்காரர்களையும் சமமாகக் காட்டும் தொடர் என்று அதற்குப் பெயர். சமையற்காரி, பட்லர், ஓட்டுநர், கால் மாற்றிக் கால் நிற்கும் ஏவலாட்கள் எல்லோரும் முக்கியப் பாத்திரங்கள். அவ்வளவு பெரிய பூங்காவைக் காக்கும் தோட்டக்காரருக்கு அந்த வரிசையில் இடமில்லை. புல் தானாகவே வெட்டிக்கொள்கிறது. கால்க் அபியின் சுரங்கப்பாதையை இப்போது திரைக்கதை ஆசிரியர்கள் பராமரிக்கிறார்கள்.

தோட்டத்துக்குள் சமூக யதார்த்தம் எடுபடாது என்பவர்களுக்கு நான் முதலில் நீட்டுவது எட்வர்ட் பாண்டின் ‘பிங்கோ’. 1973இல் எக்ஸிடரில் அரங்கேறி, மறுவருடம் ராயல் கோர்ட்டில் ஜான் கீல்குட் நடித்தது. கதாநாயகர் ஷேக்ஸ்பியர். ஓய்வுபெற்று ஸ்டிராட்ஃபோர்டில், நியூ பிளேஸ் வீட்டுத் தோட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார். முதல் இரண்டு காட்சிகளும் அந்தத் தோட்டத்தில்தான். வேலியை நறுக்கிச் சீர்செய்கிறவர் போரில் தலையில் அடிபட்டுச் சிறுபிள்ளை மனதோடு வாழும் ஒரு கிழவர். வேலி தாண்டிப் பிச்சை கேட்டு ஓர் இளம்பெண் வருகிறாள். அதே வேலி தாண்டி நிலக்கிழார் வில்லியம் கோம்ப் ஒரு தாளோடு வருகிறார்: வெல்கோமில் பொதுவயலை வேலியடைக்கப் போகிறோம், உங்களுக்கு நஷ்டம் வராமல் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் ஊராரோடு சேராமல் இருந்தால் போதும். ஷேக்ஸ்பியர் கையெழுத்துப் போடுகிறார். பிச்சைக்காரப் பெண் பின்னர் தூக்கில் தொங்குகிறாள்.

இதில் கற்பனை எவ்வளவு, ஆவணம் எவ்வளவு? அந்தப் பெண் பாண்டின் படைப்பு. ஒப்பந்தம் நிஜம். 1614 அக்டோபரில் ரெப்ளிங்ஹாம் என்பவர் ஷேக்ஸ்பியருக்கு நஷ்டஈடு உறுதி கொடுத்த பத்திரம் இருக்கிறது. பாண்ட் வசதிக்காக அதைக் கோம்பின் கையில் கொடுத்தார். கோம்பின் ஆட்கள் வெட்டிய எல்லைப் பள்ளங்களை ஊர்ப் பெண்களும் பிள்ளைகளும் போய் மண் போட்டு மூடியதும் நிஜம். இன்று நியூ பிளேஸில் வீடு கிடையாது. பிற்காலத்தில் அதை வாங்கிய கேஸ்ட்ரல் என்ற பாதிரியார், ஷேக்ஸ்பியர் நட்டதாகச் சொல்லப்பட்ட முசுக்கட்டை மரத்தைப் பார்க்க வரும் கூட்டத்தின் தொல்லை தாங்காமல் முதலில் மரத்தை வெட்டினார். பிறகு 1759இல் வரித் தகராறில் வீட்டையே இடித்தார். மிஞ்சியது தோட்டம் மட்டும். அங்கே இப்போது பூப்பாத்திகளுக்கு நடுவே பயணிகள் மகாகவியின் அமைதியைச் சுவாசிக்கிறார்கள். பாண்ட் அந்த அமைதிக்கு என்ன விலை, யார் கொடுத்தார்கள் என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்க அந்தத் தோட்டத்தைவிட்டால் வேறு களமே இல்லை. சமையலறையில் வைத்து இதை எழுதியிருந்தால் ஷேக்ஸ்பியர் இன்னொரு கஞ்சக் கிழவராக முடிந்திருப்பார்.

டேவிட் ஸ்டோரியின் ‘த கான்ட்ராக்டர்’ (1969) இன்னும் எளிது. புல்வெளியில் தொழிலாளர்கள் ஒரு கல்யாணக் கூடாரம் கட்டுகிறார்கள், பிறகு பிரிக்கிறார்கள். நடிகர்கள் மேடையில் உண்மையாகவே கட்டிப் பிரிக்க வேண்டும். கல்யாண விருந்து இரண்டு அங்கங்களுக்கு நடுவே, நம் கண்ணுக்குப் படாமல் நடந்து முடிந்துவிடுகிறது. பிரபுவின் விருந்து திரையில், கூலியாள் திரைக்குப் பின்னால் என்ற வழக்கத்தை இவ்வளவு லாவகமாகப் புரட்டிப்போட்ட நாடகம் எனக்குத் தெரிந்து வேறில்லை. அந்தப் புல்வெளி வரலாற்றுச் சின்னம் அல்ல, கூடார முதலாளி ஒருவருடையது. ஆனால் பாடம் எல்லாப் புல்வெளிக்கும் பொருந்தும். அடுத்த வருடமே ஸ்டோரி ‘ஹோம்’ எழுதினார். தோட்ட நாற்காலிகளில் இரண்டு கனவான்கள் வானிலை பேசுகிறார்கள். அது மனநோய் விடுதியின் தோட்டம் என்று நமக்கு மெல்லத்தான் உறைக்கிறது. இதிலும் கீல்குட்.

ஸ்காட்லாந்துக்குப் போனால் ஜான் மெக்ராத்தின் 7:84 குழு. நாட்டின் 84 சதவீதச் செல்வம் 7 சதவீதம் பேர் கையில் என்ற கணக்கே அதன் பெயர். 1973இல் அவர்கள் ஊர் ஊராகக் கொண்டுபோன ‘த செவியட், த ஸ்டேக் அண்ட் த பிளாக், பிளாக் ஆயில்’, சதர்லண்ட் எஸ்டேட்டில் ஆடு மேய்க்கக் குடியானவர்களை விரட்டியதிலிருந்து எண்ணெய்க் கம்பெனிகள்வரை ஒரே மூச்சில் சொல்லியது. ஜான் பைர்ன் செய்த அரங்கம், திறந்தால் மலைகள் எழுந்து நிற்கும் ஒரு ராட்சதப் படப்புத்தகம். ரெப்டனின் மடிப்புக்கு இதைவிட நல்ல பதில் இருக்க முடியாது. விரட்டப்பட்டவர்களின் நிலத்துக்குச் சொந்தக்காரரான சதர்லண்ட் குடும்பத்துக்காக 1850இல் சார்ல்ஸ் பேரி டன்ராபின் கோட்டைக்குக் கீழே வெர்சாய் பாணியில் அமைத்த தோட்டம் இன்றும் கச்சிதமாக வெட்டிவிடப்படுகிறது.

தோட்டம் பற்றி நவீன நாடகம் என்றால் எல்லோரும் டாம் ஸ்டாப்பர்டின் ‘ஆர்கேடியா’வைத்தான் சொல்வார்கள். 1993இல் வந்தது, பிரவுன் பாணித் தோட்டத்தை அழித்துக் காடும் பாழுமாக மாற்றும் ஒரு வடிவமைப்பாளர் அதில் வருகிறார், ரெப்டன் பாணி மடிப்புப் படங்கள்கூட வருகின்றன. புத்திசாலித்தனத்தில் அதற்கு ஈடு குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அத்தனை மண்ணையும் தோண்டுகிறவர் யார்? அவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நீராவி எந்திரம் தூரத்தில் துடிக்கும் சத்தம் கேட்கிறது. எந்திரத்துக்குக் கூலி இல்லை, வசனமும் இல்லை.

இனி இடதுபக்கத்துக்காரரிடம் ஒரு வார்த்தை. தோட்டம் பிரபுவின் குற்றத்தடயம், வேறொன்றுமில்லை என்று எழுதினால் அதுவும் தோட்டக்காரரை இன்னொரு முறை அழிப்பதுதான். ஜோசஃப் பாக்ஸ்டன் 1826இல் இளம் வயதிலேயே சாட்ஸ்வொர்த்தின் தலைமைத் தோட்டக்காரரானார். விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. கண்ணாடிப் பசுங்குடில்கள் கட்டிப் பழகிய அந்தக் கை 1851இல் கிரிஸ்டல் பேலஸைக் கட்டியது. சுவர் சூழ்ந்த காய்கறித் தோட்டங்களில், நடு இரவில் எழுந்து கொதிகலனுக்குக் கரி போட்டு அன்னாசி பழுக்க வைத்த இளைஞர்களுக்குத் தொழில்மீது கர்வம் இருந்தது. கார்ன்வாலில் ஹெலிகன் தோட்டத்துக் கழிப்பறைச் சுவரில் 1914 ஆகஸ்டில் அவர்கள் தங்கள் பெயர்களை எழுதி வைத்தார்கள். பலர் போரிலிருந்து திரும்பவில்லை. சுரண்டலும் கர்வமும் ஒரே உடம்பில் குடியிருப்பதைக் காட்டத்தானே யதார்த்தவாதம் பிறந்தது?

தவிர, வரலாற்றுத் தோட்டம் என்றாலே பிரபுவின் சொத்து என்ற நினைப்பும் தவறு. பொதுப்பணத்தில் அமைந்த பர்க்கன்ஹெட் பூங்கா 1847இல் திறந்தது. வடிவமைத்தவர் அதே பாக்ஸ்டன். அது இன்று பாதுகாக்கப்பட்ட தோட்டங்களின் தேசியப் பதிவேட்டில் முதல் தரத்தில் இருக்கிறது. தொழிலாளிக்கு நல்ல காற்று வேண்டும் என்று கட்டிய அத்தகைய பூங்கா ஒன்றில்தான் பாண்ட் 1965இல் ‘சேவ்ட்’ நாடகத்தின் கொடூரக் காட்சியை வைத்தார்: வேலையற்ற, திசையற்ற இளைஞர்கள் தள்ளுவண்டியில் கிடக்கும் குழந்தையைக் கல்லெறிந்து கொல்கிறார்கள். தணிக்கை அதிகாரி தடுத்தார், வழக்கு வந்தது; 1968இல் மேடைத் தணிக்கை ஒழிந்ததற்கு அந்தச் சர்ச்சையும் ஒரு காரணம். ஆக, யதார்த்த நாடகத்தின் மிகப் பெரிய சண்டையே பூங்காவில்தான் நடந்திருக்கிறது.

2020இல், வரலாற்று மாளிகைகளையும் தோட்டங்களையும் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் தன் கையில் உள்ள 93 இடங்களுக்கு அடிமை வணிகத்தோடும் காலனி ஆட்சியோடும் இருந்த தொடர்பைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. பாராளுமன்ற உறுப்பினர்கள் சிலர் கொதித்தார்கள்: தோட்டத்தில் அரசியலைப் புகுத்தாதீர்கள்! இவர்கள் ஸ்டோ தோட்டத்துக்குப் போனதில்லை போலும். பதினெட்டாம் நூற்றாண்டில் அதன் சொந்தக்காரரான காபம் பிரபு அங்கே தன் அரசியல் எதிரி வால்போலைக் கேலி செய்வதற்கென்றே ஒரு கோயிலை இடிபாடாகக் கட்டி வைத்தார். அரசியல் அந்தத் தோட்டங்களில் புகுத்தப்படவில்லை, நடப்பட்டது.

அறிக்கை சொல்லும் காலனித் தொடர்பில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. பாக் நீரிணைக்குப் பெயர் கொடுத்த ராபர்ட் பாக், சென்னை ஆளுநராக இருந்து திரும்பியபின் டெவனில் ஹால்டன் எஸ்டேட்டை வாங்கி, 1788இல் குன்றின் மேல் தளபதி ஸ்டிரிங்கர் லாரன்ஸுக்கு ஒரு முக்கோணக் கோபுரம் எழுப்பினார். பால் பென்ஃபீல்டின் கதை இன்னும் காரமானது. ஆற்காடு நவாபுக்கு வட்டிக்குக் கொடுத்து, தஞ்சாவூர் நெல் விளைச்சலே தனக்கு அடகு என்று உரிமை கொண்டாடியவர். அந்தத் தகராறு முற்றி 1776இல் ஆளுநர் பிகட்டையே அவருடைய சபையினர் சிறைப்பிடித்தார்கள். காவலிலேயே அவர் இறந்தார். 1785இல் எட்மண்ட் பர்க் பாராளுமன்றத்தில் பென்ஃபீல்டைக் கிழித்துத் தோரணம் கட்டினார். ஆனாலும் 1790களில் பென்ஃபீல்ட் ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் வுட்ஹால் பார்க்கை வாங்கினார். அந்த மாளிகையைக் கட்டிய தாமஸ் ரம்போல்டும் சென்னை ஆளுநராக இருந்தவர்தான். காவிரிப் பாசனத்து நெல் ஹார்ட்ஃபோர்ட்ஷயர் புல்வெளியாக மாறிய விதத்தை ஆறு பாகமாக எடுக்க ஒரு தயாரிப்பாளருக்கு என்ன தடை? இடம் இருக்கிறது, வில்லன் இருக்கிறார், பாராளுமன்ற உரையே இருக்கிறது.

கடைசியாக வழக்கமான எதிர்வாதம் வரும்: மக்கள் தோட்டத்துக்கு ஓய்வு தேடி வருகிறார்கள், அவர்களை ஏன் வதைக்கிறீர்கள்? நேஷனல் டிரஸ்டை 1895இல் நிறுவிய மூவரில் ஒருவரான ஆக்டேவியா ஹில், அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஜான் ரஸ்கின் வாங்கிக் கொடுத்த மேரில்போன் சேரி வீடுகளை நிர்வகிக்கத் தொடங்கியவர். ஏழைக் குடித்தனங்களின் வாடகையை வாசல் வாசலாகப் போய் வாங்கியவர். ஒரே அறையில் ஒரு குடும்பம் புழுங்குவதைப் பார்த்துப் பார்த்துத்தான் திறந்தவெளி வேண்டும் என்று போராட ஆரம்பித்தார். ஓய்வு என்ற வாதத்தை யார் யாருக்காக முதலில் வைத்தார்கள் என்பது அறிக்கைக்கு எதிராகக் கொதித்தவர்களின் பேச்சில் காணோம். அடுத்த சரித்திரத் தொடரை எழுதுகிறவர் ஹில் அம்மையாரின் வாடகைப் புத்தகத்திலிருந்து ஆரம்பிக்கலாம்.